நம்பையின் ‘பிராட்காஸ்டிங்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

செ.கு. எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்காகப் பைத்தான் என்ற கணினி மொழியில் தரவுப் பகுப்பாய்வு செய்வதற்கான குறிப்பேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போக வேண்டும். பைத்தான் நூலகங்களில், அட்டவணைகளுக்கான பாண்டாஸ் முடிந்தது, வரைபடங்களுக்கான மேட்பிளாட்லிப்பும் பெரும்பாலும் முடிந்தது. எண் கணக்குகளுக்கான நம்பையில் பிராட்காஸ்டிங் என்ற இடத்தில் நிற்கிறேன்.

40 மாணவர், 5 பாடம். 40 நிரை, 5 நிரல் கொண்ட மதிப்பெண் அணி (மேட்ரிக்ஸ்). பாடவாரியாகச் சராசரி எடுத்தால் 5 எண்கள் கிடைக்கும். அணியிலிருந்து அந்த 5 எண்களைக் கழிக்கச் சொன்னால், நம்பை அவற்றை 40 நிரைகளிலும் தானே கழித்துவிடுகிறது. இந்தச் செயலுக்குப் பெயர் வேண்டும். ‘ஒலிபரப்பு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். மாணவர்கள் வானொலி நிலையத்தைத்தான் நினைப்பார்கள்.

அ.மா. எழுதியது:

தம்பி, சொல் நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது: அளபெடை. “குன்றிசை மொழிவயின் நின்றிசை நிறைக்கும் நெட்டெழுத் திம்பர் ஒத்தகுற் றெழுத்தே” என்கிறது தொல்காப்பியம். ஓசை குறைந்த இடத்தில் எழுத்து தன் இனத்தைக் கொண்டே நீண்டு அளவை நிறைக்கிறது. குறளில் ‘ஓதல்’ என்று நின்றால் அடுத்த சீரோடு இணைக்கும் தளை கெடும். ‘ஓஒதல்’ என்றால் சரியாகிவிடும். உங்கள் 5 எண்களும் அளவு போதாமல் நீண்டு நிறைக்கின்றன. ‘ஒத்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எது வேண்டுமானாலும் வந்து நிறைக்க முடியாது. ஒத்தது மட்டுமே நிறைக்கும். நம்பையும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ர.வி. எழுதியது:

ஐயா சொன்ன ‘ஒத்த’ மிகச் சரி. நம்பை இரண்டு அணிகளின் வடிவங்களையும், அதாவது (நிரை, நிரல்) எண்ணிக்கைகளை, வலக்கோடியிலிருந்து ஒப்பிடும். எண்கள் சமமாக இருக்க வேண்டும், அல்லது ஒன்று 1 ஆக இருக்க வேண்டும். (40, 5) உடன் (5) பொருந்தும். மாணவர்வாரிச் சராசரியான (40) பொருந்தாது. அதை (40, 1) ஆக்கினால்தான் பொருந்தும்.

ஆனால் அளபெடையில் ஓர் எழுத்து உண்மையாகவே கூடுகிறது. நம்பையில் எதுவும் கூடுவதில்லை. அடுத்த நிரைக்குப் போக நினைவகத்தில் எத்தனை பைட் தாண்ட வேண்டும் என்ற எண்ணைச் சுழியமாக வைத்து, அதே 5 எண்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது. பெரிய தரவில் நினைவகம் மிச்சமாவது இதனால்தான்.

த.யோ. எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு யோசனை. எதுவும் கூடாமல் ஓரிடத்தில் நின்றே எல்லாவற்றோடும் சேர்வதற்கும் தமிழில் இலக்கணம் உண்டு: தீவகம். அறையில் ஓரிடத்தில் வைத்த விளக்கு எல்லாப் பொருள்களையும் காட்டுவது போல, செய்யுளில் ஒருமுறை வந்த சொல் பல சொற்களோடு சென்று இயைவது. அது இன்னும் நெருக்கம் அல்லவா?

ர.வி. எழுதியது:

‘தீவக அணி’ என்று எழுதினால், செய்யுள் அணி என்று எண்ணாமல், மேட்ரிக்ஸ் அணியில் அது ஒரு வகை என்றுதான் மாணவர் படிப்பார். ஏற்கெனவே ‘நிரல்’ என்பது கணிதப் புத்தகத்தில் செங்குத்து வரிசையும் கணினிப் புத்தகத்தில் புரோகிராமுமாக இருந்து படுத்துகிறது.

த.யோ. எழுதியது:

எங்கள் கணிதப் பாடநூல்களில் உங்கள் அணி ‘தாயம்’. அதை எடுத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே இல்லை.

செ.கு. எழுதியது:

அணியை மாற்றும் விவாதத்தை இந்த வாரம் தொடங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நாளை மறுநாள் வெள்ளி.

ந.பா. எழுதியது:

வகுப்பில் நான் தவறாமல் பார்ப்பது இது. (40, 1) வடிவில் இருக்கும் இவ்வாண்டுச் சராசரியிலிருந்து (40) வடிவில் இருக்கும் சென்ற ஆண்டுச் சராசரியை மாணவர் கழிப்பார். பிழைச்செய்தி வராது. 40 எண்களுக்குப் பதில் 1,600 எண்கள் வரும். அதை மேட்பிளாட்லிப்பிடம் கொடுத்தால் ஒரு கோட்டுக்குப் பதில் 40 கோடுகளை வரைந்து வைக்கும். இங்கே இரண்டு அணிகளுமே நீள்கின்றன, ஒன்று கீழே, ஒன்று பக்கவாட்டில். அளபெடையும் தீவகமும் ஒருபக்கச் செயல்கள். இந்த ஆபத்தைக் காட்டமாட்டா.

‘படர்தல்’ போதும். 5 எண்கள் 40 நிரைகளிலும் படர்கின்றன. இரண்டு அணிகள் ஒன்றன்மேல் ஒன்று படர்கின்றன. பெயராக்கினால் படர்ச்சி, பொருந்தாவிட்டால் ‘படரா வடிவங்கள்’. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

அ.மா. எழுதியது:

“படரே உள்ளல் செலவும் ஆகும்” என்பது தொல்காப்பிய உரியியல். நினைத்தல், செல்லுதல் இரண்டும் பொருள். படர்க்கை என்ற சொல்லிலும் அந்தச் செலவுதான் இருக்கிறது. குறளில் படர்மெலிந்திரங்கல் என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே அது பிரிவில் நினைந்து வருந்தும் துயரம். படர் என்றால் கொடியும் காட்டுத்தீயும் படர்வதும்தான். கட்டுப்பாடற்ற ஒன்றுக்கு உரிய சொல்லை விதிக்குக் கட்டுப்பட்ட செயலுக்கு வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ர.வி. எழுதியது:

கொடியும் கொம்பு இருக்கும் இடத்தில்தான் படர்கிறது, ஐயா. என் வாக்கு படர்ச்சிக்கு. ஆனால் முதல்முறை வரும்போது ‘பிராட்காஸ்டிங்’ என்பதையும் அருகில் அச்சிட வேண்டும். பிழைச்செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். அதில் இருக்கும் சொல்லும் புத்தகத்தில் இருக்கும் சொல்லும் ஒன்றே என்று மாணவருக்குத் தெரியாவிட்டால் தூய தமிழால் அவருக்கு என்ன பயன்?

செ.கு. எழுதியது:

படர்ச்சிக்கு மூவர் ஆதரவு (என்னையும் சேர்த்து), அளபெடைக்கு ஒருவர், தீவகத்துக்கு ஒருவர். படர்ச்சி என்றே அனுப்புகிறேன்; முதல் இடத்தில் ஒலிபெயர்ப்பும் உண்டு. ந.பா. சொன்ன 1,600 எண்களையும் 40 கோடுகளையும் பயிற்சிக் கணக்காகச் சேர்த்துவிட்டேன். அடுத்த பதிப்புக்கு இன்னொன்று: மேட்பிளாட்லிப்பில் ‘ஆக்சிஸ்’ ஒரு கோடு, ‘ஆக்சீஸ்’ முழு வரைபரப்பு. இரண்டையும் ‘அச்சு’ என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

அ.மா. எழுதியது:

அனுப்புங்கள், தம்பி. என் பேத்திக்கு நான் அளபெடை என்றே சொல்லிக்கொடுப்பேன். வரைபரப்புக்குக் ‘களம்’ என்று வையுங்கள். காரணத்தை நாளை விரிவாக எழுதுகிறேன்.