பொருள்: இதயக் கையேட்டுக்கு ஒரு கலைச்சொல் (சனிக்கிழமைக்குள்)

கோத்தகிரி, செவிலியர்:
அனைவருக்கும் வணக்கம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான இதயநலக் கையேடு சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறது. உடல் சேமித்து வைக்கும் கொழுப்பு வேறு, செல்லுக்குச் செல் சேதி சொல்லும் கொழுப்பு மூலக்கூறுகள் வேறு. ஆங்கிலத்தில் பயோஆக்டிவ் லிப்பிட் எனப்படும் இந்த இரண்டாவது வகைக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். உதாரணமாக, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் உருவாகும் திராம்பாக்சேன் ஏ2 இரத்தக்குழாயைச் சுருக்கி, தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. குழாயின் உள்சுவரில் உருவாகும் புரோஸ்டாசைக்ளின் அதற்கு நேர் எதிர். இரண்டுக்கும் மூலம் அரக்கிடோனிக் அமிலம் என்ற ஒரே கொழுப்பு அமிலம். வெறும் "கொழுப்பு" என்று எழுதினால், "அப்போ நெய்யை நிறுத்தணுமா, சிஸ்டர்?" என்றுதான் கேட்பார்கள்.

குன்னூர், மருத்துவர்:
லிப்பிடுக்குக் கொழுமியம் ஏற்கெனவே இருக்கிறது. உயிர்ச்செயல் கொழுமியம் என்று போட்டுவிடலாம்.

உதகை, தமிழாசிரியர்:
உயிர்ச்செயல் என்றால் மூச்சு, செரிமானம் என்று மனம் போய்விடும். ஆனால் கொழுமியத்தை விடாதீர்கள். கொழுமை என்றால் செழிப்பு. உங்கள் தோட்டத்துக் கொழுந்தும் அந்த வேர்தான். "தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள்" என்ற குறளின் கொழுநனையும் அங்கேதான் வைப்பேன்.

கூடலூர், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, கொழுநனை நான் "கொள்" என்பதோடு சேர்ப்பேன். கணவனைக் கொண்டவன் என்கிறோமே. அது இருக்கட்டும், சேதிக்கொழுப்பு என்று வைத்தால் என்ன? கேட்டவுடன் புரியும்.

உதகை:
சேதி பேச்சு வழக்கு அம்மா, செய்தி என்றாவது எழுதுங்கள். என் பரிந்துரை இயக்குகொழுமியம். இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. இந்த மூலக்கூறு அடுத்த செல்லைச் செயல்படவைக்கிறது, ஆகவே பிறவினையே பொருந்தும். வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது, ஊறுகாய் போல.

குன்னூர்:
ஹார்மோனுக்கு இயக்குநீர் என்கிறோம், குழப்பம் வராதா? இயக்குநீர் இரத்தத்தில் வெகுதூரம் போகும். திராம்பாக்சேன் ஏ2-இன் அரை ஆயுள், அதாவது பாதி அழிய ஆகும் நேரம், சுமார் 30 விநாடி. பிறந்த இடத்திலேயே வேலையை முடித்துவிடும்.

உதகை:
ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட்? அதுவும் சேதி சொல்லும் கொழுப்புதான். நல்ல கொலஸ்டிரால் என்கிற எச்டிஎல் துகளில் ஏறி இரத்தம் முழுக்கச் சுற்றுகிறதே!

குன்னூர்:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன்.

கூடலூர்:
தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் போடுகிறவருக்கு எந்தச் சொல் உதவும் என்று பாருங்கள். திராம்பாக்சேன் உருவாகத் தேவைப்படும் நொதியை அந்த மாத்திரை முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை, புது நொதி செய்துகொள்ள வழியில்லை. அது வாழும் 7 முதல் 10 நாளும் முடக்கம் நீடிக்கிறது. "கெட்ட சேதி போகாமல் தடுக்கிற மாத்திரை, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க" என்றால் பாட்டிக்கும் விளங்கும். இயக்குகொழுமியத்தை வைத்து அதை எப்படிச் சொல்வீர்கள்?

உதகை:
இயக்குநீரும் ஒருநாள் புதுச்சொல்தானே அம்மா. பாடநூலில் ஏறியது, பழகிவிட்டது.

கோத்தகிரி:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். மூவருக்கு இயக்குகொழுமியம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் இடத்தில் மட்டும் "செல்களுக்குச் செய்தி சொல்லும் கொழுப்பு" என்று விளக்கம் சேர்க்கிறேன்.

கூடலூர்:
கையேட்டில் அப்படியே இருக்கட்டும். நான் எடுக்கும் வகுப்பில் சேதிக்கொழுப்பு என்றுதான் சொல்வேன்.