தார் பூசுறவனைக் கட்டிப்போடுற மாத்திரை: உங்கள் அனுபவம்?

மஸ்கெலியா மகள்:
அம்மாவின் சூலகப் புற்றுநோய், ஒலாபரிப் மாத்திரை எல்லாம் இங்கே பலருக்கும் தெரியும். மனதில் நிற்பது கொழும்பு கிளினிக்கில் ஒரு நாள்தான். "டிஎன்ஏவில விழுற சின்ன வெட்டைச் சரிசெய்யுற பார்ப் நொதியத்தை இது தடுக்கும்" என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். முப்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மா ஆட்டவில்லை.

"ரிப்பேரை நிறுத்தினா வியாதி கூடத்தானுங்களே செய்யும்?"

டாக்டர் யோசித்தார். "கூரை தகரமா?" லயத்தில் வேறென்ன! "ஆணி ஓட்டைக்குத் தார் வைக்காட்டி?"

"அடுத்த மழையில பிஞ்சிரும். தகரத்தையே மாத்தணும்."

"தார் வைக்கிறவர் பார்ப். தகரம் மாத்துற பாஸ்தான் பிஆர்சிஏ, பெரிய உடைப்பைச் சரிசெய்யுற மரபணு. மத்தக் கலங்கள்ல அவர் இருக்கார். புற்றுக் கலத்தில இல்ல."

அம்மா பேசவில்லை. கித்துல்கல தாண்டும்போதுதான், "அப்போ அந்த வீடு மட்டும் இடிஞ்சிரும்" என்றார்.

பண்டாரவளை வாத்தியார்:
உவமை அழகு, ஆனால் பார்ப் தார் பூசுவதில்லை. வெட்டில் போய் உட்கார்ந்து, கலத்திலுள்ள என்ஏடி என்ற மூலக்கூறிலிருந்து ஏடிபி (ADP) ரைபோஸ் துண்டுகளை எடுத்துத் தன்மேலும் பக்கத்துப் புரதங்கள்மேலும் சங்கிலியாகக் கோர்க்கும். அந்தச் சங்கிலிதான் ரிப்பேர் ஆட்களைக் கூப்பிடுகிறது. சங்கிலி நீண்டதும் பார்ப் கழன்றுவிடும். மாத்திரை போட்டால் கழல முடியாமல் மாட்டிக்கொள்ளும்; டிஎன்ஏ பிரதியாகும்போது அதுவே பெரிய உடைப்பு. பிஆர்சிஏ இல்லாத கலம் இதில் சாகும் என்பது 2005இல் வந்த இரண்டு ஆய்வுகளில் தெரிந்தது. மருந்துக்கு அமெரிக்க அனுமதி 2014இல்.

என் அனுபவமா? ஏ/எல் வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வரிசைப் பையன் கேட்டான்: "மணி அடிக்கப் போனவன் கயித்திலயே தொங்கிட்டானா சேர்?" இதைவிட நன்றாக எனக்கே சொல்ல வராது.

ஹட்டன் சித்தி:
சேர், சங்கிலி இருக்கட்டும். என் அக்காவுக்கு இதே மாத்திரையில் இரத்தம் குறைந்து, படி ஏற முடியாமல் நடுவில் உட்கார்ந்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதல் வருஷம் மாதாமாதம் இரத்தம் பாருங்கள். மாத்திரையை உடைக்காமல், மெல்லாமல் விழுங்க வேண்டும். கிரேப்ஃபுருட் கூடாது. வேறு மருந்து எது போட்டாலும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். பிறப்பிலேயே வந்த பிஆர்சிஏ மாற்றமா என்று கேளுங்கள்; அப்படியென்றால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 50 சதவீத வாய்ப்பு. மகன்மாருக்கும்தான், பொம்பிளை வியாதி என்று விட்டுவிடாதீர்கள்.

மஸ்கெலியா மகள்:
சித்தி, தம்பியிடம் சொல்லிவிட்டேன். சேர், உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கயித்துல மாட்டினவனை யாரு எறக்குவா?" என்று கேட்கிறார். நீங்களே சொல்லுங்கள்.