பின்னச்சுப் பல்லுக்கு ஒரு பெயர்: விகிதமா, மடங்கா?

தாப்பாவிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். நாம் தொகுத்து வரும் தமிழ் வாகனக் கையேட்டில் கிளட்ச், கியர் பெட்டி வரைக்கும் சிக்கல் இல்லாமல் வந்துவிட்டோம். பின்னச்சு, அதாவது பின்சக்கரங்களைச் சுழற்றும் அச்சு, பற்றிய அத்தியாயத்தில் வந்து நிற்கிறோம். எஞ்சின் சுழற்சி கியர் பெட்டியைத் தாண்டி, நீளத்தண்டு வழியாகப் பின்னால் போய், சக்கரத்தைச் சேரும் முன் கடைசியாக ஒருமுறை குறைகிறதே, அந்தக் குறைப்பின் அளவுக்கு என்ன பெயர்? 'பின்னச்சு விகிதம்', 'இறுதி இயக்க விகிதம்', 'இருசு விகிதம்' என்று இதுவரை மூன்று வந்திருக்கின்றன. எதுவும் மனத்தில் ஒட்டவில்லை.

எனக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியும் இல்லை. என்னுடைய எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1972ஆம் ஆண்டுக் காடி. நாலு கியர், ஓவர்டிரைவ் (வேண்டும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் படி) கிடையாது. வேலைக்குத் தினமும் ஈப்போ, விடுமுறை என்றால் கேமரன் மலை. பின்னச்சு ஊளையிடத் தொடங்கிவிட்டது, பிரித்தே ஆக வேண்டும். பிரித்தால் அதே பல்லை (பல்சக்கர இணையை)ப் போடுவதா, வேறு பல்லா என்ற கேள்வி வருகிறது. இரண்டையும் சேர்த்தே பேசிவிடலாம் என்று எழுதுகிறேன்.

சுங்காயிலிருந்து:

தம்பிக்கு வணக்கம். முதலில் அச்சா, இருசா என்பதைத் தீர்ப்போம். இருசு நல்ல சொல்தான். மாட்டுவண்டி பார்த்த தலைமுறைக்கு விளக்கவே வேண்டாம். ஆனால் 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்று வள்ளுவரே அச்சைத்தான் சொல்கிறார். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் முறிவது அச்சு. பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல். ஆகவே 'அச்சு விகிதம்' போதும். பின்னால் இருப்பதால் 'பின்னச்சு விகிதம்'.

தண்டு எத்தனை சுற்றினால் சக்கரம் ஒன்று சுற்றும் என்ற எண் பெரிதாக இருந்தால் 'உயர் விகிதம்', சிறிதாக இருந்தால் 'தாழ் விகிதம்' என்று துணைச்சொற்களும் கொடுத்துவிடலாம். முப்பது ஆண்டுக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், விகிதம் என்ற சொல்லைக் கைவிடாதீர்கள்.

பீடோரிலிருந்து:

வாத்தியார் ஐயா மன்னிக்கணும். அச்சு சரி, எனக்கு ஆட்சேபம் இல்ல. ஆனா அந்த உயர், தாழ் மட்டும் வேணாம். வெள்ளைக்காரன் புத்தகத்துல உயர்ந்த கியர்னா எண் சின்னது, அதாவது 3.07 மாதிரி. ஐயா சொல்றபடி பார்த்தா உயர்ந்தது 4.3. ரெண்டையும் படிச்சுட்டு வர்ற பையன் தலைகீழாத்தான் ஆர்டர் போடுவான். பட்டறையில நாங்க சொல்றது 'இழுவைப் பல்', 'ஓட்டப் பல்'. பழம் ஏத்துற லோரிக்கு இழுவைப் பல். வெறுமனே ஹைவேயில ஓடுற காடிக்கு ஓட்டப் பல். இதுல யாருக்கும் குழப்பம் வந்து நான் பார்த்ததில்ல.

இன்னொண்ணு. தம்பி, உன் காடியில இப்ப என்ன பல் இருக்குன்னு நீ பார்த்தியா? அம்பது வருசக் காடி, நடுவுல யார் கை வச்சாங்களோ. பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக் போட்டுத் தூக்கு, கியர் நியூட்ரல். நீளத்தண்டுல சாக்பீஸ்ல ஒரு கோடு, டயர்ல ஒரு கோடு. தூக்கின சக்கரத்தை ரெண்டு சுத்து சுத்து. ஒரு சக்கரம் தரையில நிக்கிறதால, ரெண்டு சுத்துனாத்தான் உள்ள பெரிய பல்சக்கரம் ஒரு சுத்து வரும். தண்டு எத்தனை சுத்துதுன்னு எண்ணு. நாலுக்குக் கொஞ்சம் முன்னாடி கோடு நின்னா 3.9. மூணேகாலைத் தாண்டி நின்னா 3.3.

தாப்பாவிலிருந்து:

அண்ணன் சொன்னபடி நேற்றுச் சாயங்காலம் கோடு போட்டுச் சுற்றினேன். நாலாவது சுற்று முடிய ஒரு விரற்கடை இருக்கும்போது சாக்பீஸ் கோடு நின்றது. 3.909, தொழிற்சாலையில் போட்டதேதான்.

அந்த வேலையில்தான் சொல்லும் கிடைத்தது. நான் எண்ணியது விகிதத்தை அல்ல. உள்ளே பெரிய பல்சக்கரம் ஒன்று சுற்ற, தண்டு எத்தனை மடங்கு சுற்றுகிறது என்பதை. பெரிய பல்சக்கரத்தில் 43 பல், சின்னதில் 11. விகிதம் என்று எழுதினால் 43:11 என்பதா, 11:43 என்பதா என்று உடனே கேள்வி வருகிறது. உயர்வு, தாழ்வு குழப்பம் பிறப்பதும் அங்கேதான். மடங்கு என்றால் திசை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மடங்கு கூடினால் இழுவை கூடும், எஞ்சின் அதிகம் சுற்றும். மடங்கு குறைந்தால் ஓட்டம் கூடும், எஞ்சின் அமைதியாகும்.

அடுத்தது அச்சு. ஐயா சொன்ன குறளுக்கு மறுப்பில்லை. ஆனால் கையேடு எம்ஜிபிக்கு மட்டும் எழுதப்படவில்லை. இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு நிற்பது புரோட்டோன் சாகாவும் பெரோடுவா மைவியும். அவை முன்சக்கரம் இழுக்கும் காடிகள். கடைசிக் குறைப்பு கியர் பெட்டியோடு சேர்ந்தே முன்னால் இருக்கிறது. அங்கே போய்ப் 'பின்னச்சு விகிதம்' என்றால், மைவியின் பின்னச்சில் எந்தப் பல்லைத் தேடுவது? எந்த இடத்தில் இருந்தாலும் அது கடைசிப் படி. எனவே என் பரிந்துரை 'கடைமடங்கு'. கியர் பெட்டிக்குள் ஒவ்வொரு கியருக்கும் உள்ளது 'படிமடங்கு'. இரண்டையும் பெருக்கினால் 'முழுமடங்கு'. அண்ணனின் இழுவை, ஓட்டம் இரண்டும் துணைச்சொற்களாக அப்படியே இருக்கட்டும். அவற்றைவிடச் சிறந்ததை நம்மால் ஆக்க முடியாது.

சொல் வேலை செய்கிறதா என்று என் காடியிலேயே போட்டுப் பார்க்கிறேன்.

எம்ஜி நிறுவனமே மடங்கை எஞ்சினுக்கு ஏற்பத்தான் குறைத்துக்கொண்டு வந்தது. எம்ஜிபிக்கு முந்திய எம்ஜிஏ 1489 சிசி எஞ்சினோடு வந்தபோது கடைமடங்கு 4.3. எஞ்சின் 1622 சிசி ஆனபோது 4.1. 1962இல் எம்ஜிபி 1798 சிசியோடு வந்தபோது 3.909. 3528 சிசி வி8 எஞ்சினைப் போட்டபோது 3.07. எஞ்சினுக்கே இழுவை இருந்தால் பல்லிடம் கடன் கேட்க வேண்டியதில்லை. இதில் கவனிக்க வேண்டியது, குறைந்த மடங்கு எல்லாம் பெரிய எஞ்சினுக்காகப் பிறந்தவை. அதை அப்படியே கழற்றி 1798 சிசிக்குப் போடுவது, அந்த எஞ்சினிடம் இல்லாத இழுவையைக் கேட்பதாகும்.

பல் எண்ணிக்கையையும் பாருங்கள், அழகான கணக்கு. 3.909 என்பது 43க்கு 11. 3.7 என்பது 37க்கு 10. 3.307 என்பது 43க்கு 13. 3.07 என்பது 43க்கு 14. எந்த இணையிலும் பொதுக் காரணி இல்லை. அதனால் சின்னதன் ஒவ்வொரு பல்லும் பெரியதன் எல்லாப் பற்களையும் முறை வைத்துத் தொட்டுவிட்டுத்தான் பழைய இணைக்குத் திரும்பும். ஒரே இரண்டு பல் திரும்பத் திரும்ப உரசித் தேயாது. சரியாக 4.0 என்று போடாமல் 3.909 என்ற விநோத எண் ஏன் என்று பலர் கேட்பார்கள். காரணம் இதுதான். கையேட்டில் ஒரு பத்தி கொடுக்கத் தகும்.

இனி சாலை. நாலாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றும்போது என் காடி மணிக்கு ஏறக்குறைய 28.8 கிலோமீட்டர் வேகத்தில் போகும். தாப்பா டோலைத் தாண்டி 110இல் நிறுத்தினால் 3,820 சுற்று. ஈப்போ வரைக்கும் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும், அதுவும் துணிக்கூரைக் காடியில். கடைமடங்கு 3.7 ஆனால் 3,615. காது வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குள் பணப்பை கண்டுபிடித்துவிடும். 3.307 ஆனால் 3,230. இது உண்மையான நிம்மதி.

ஆனால் அதே காடி மலை ஏற வேண்டுமே. ரிங்லெட் பாதையில் காய்கறி லோரிக்குப் பின்னால் 40இல் மாட்டிக்கொண்டால், இப்போது மூன்றாவது கியரில் 1,920 சுற்று, முனகினாலும் இழுக்கும். 3.307இல் அதே வேகத்துக்கு 1,620தான். இழுக்காது. இரண்டாவதுக்கு இறங்கினால் 2,550, வளைவுக்கு வளைவு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் கியரின் முழுமடங்கு இப்போது 13.4. அது 11.4 ஆகிவிடும். ஏற்றத்தில் நின்று எடுக்கும்போதெல்லாம் கிளட்ச் அந்த வித்தியாசத்தைத் தன் தோலால் கட்டும். இறங்கும்போது எஞ்சின் பிடிமானமும் அதே அளவு குறையும், பிரேக்கை அதிகம் மிதிக்க வேண்டிவரும். தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரைக்கும் இறங்கி வந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும்.

வேகமானியும் இருக்கிறது. அதன் கம்பி கியர் பெட்டியின் கடைசியிலிருந்து வருகிறது, சக்கரத்திலிருந்து அல்ல. கடைமடங்கை 3.307 ஆக்கிவிட்டு மீட்டரை மாற்றாமல் விட்டால், காடி 110இல் போகும்போது முள் 93 காட்டும். கேமரா முன்னால் 'முள் அப்படித்தான் சொன்னது' என்றால் எடுபடாது.

ஆகவே என் முடிவு: கடைமடங்கைத் தொடுவதில்லை. 3.909க்கே புதுப்பல், புது பேரிங். இரைச்சலுக்கு மருந்து பின்னால் இல்லை, நடுவில் இருக்கிறது. ஓவர்டிரைவ் உள்ள கியர் பெட்டி கிடைத்தால் நாலாவதின் படிமடங்கு 1இலிருந்து 0.82 ஆகும். 110இல் 3,130 சுற்று. 3.307 போட்டதைவிடவும் குறைவு. முதல் கியரும், மலையும் இருந்தபடி இருக்கும். எல்லா நேரமும் ஒரே மடங்கோடு வாழ்வதைவிட, வேண்டும்போது தட்டிவிடும் மடங்கு தினசரிக் காடிக்கு மேல். ஈப்போவோடு நிற்பவர், மலைப்பக்கம் தலைவைத்தே படுக்காதவர் என்றால் 3.307 போட்டுக்கொள்ளட்டும், தடுக்க மாட்டேன்.

ஷா ஆலாமிலிருந்து:

அண்ணா, கடைமடங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு ஐயம் மட்டும். ஓவர்டிரைவில் 0.82 மடங்கு என்கிறீர்கள். மடங்கு என்றாலே ஒன்றுக்கு மேல் என்றுதானே மனம் எடுத்துக்கொள்ளும்? இன்னொன்று, சிலர் இதைக் 'கடை மடங்கு' என்று பிரித்து எழுதுவார்கள். எந்தக் கடை மடங்கியது என்று வாட்ஸாப்பில் கிண்டல் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கையேட்டில் டயரையும் சேருங்கள். கடைமடங்கை ஒருவர் கவனமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, 165 டயருக்குப் பதிலாக 185/70 போட்டால் சக்கரத்தின் சுற்றளவு கிட்டத்தட்ட 2 விழுக்காடு குறைகிறது. பல்லைத் தொடாமலே இழுவைப் பக்கம் கொஞ்சம் நகர்ந்ததாகிவிடும்.

தாப்பாவிலிருந்து:

டயர் சேர்க்கிறேன் தங்கச்சி, நல்ல வேளை சொன்னாய். ஒன்றுக்குக் கீழே மடங்கு வராதா என்றால், 'அரை மடங்கு', 'கால் மடங்கு' என்று பேச்சில் தாராளமாக வருகிறது. கிண்டலுக்குப் பயந்தால் எந்தக் கலைச்சொல்லும் பிறக்காது. சேர்த்தே எழுதுவது என்று ஒரு குறிப்புப் போட்டுவிடலாம்.

சுங்காயிலிருந்து:

மைவியின் பின்னச்சு என்றதும் என் வாதம் படுத்துவிட்டது. கடைமடங்கு இருக்கட்டும். விளக்கத்தில் மட்டும் 'பெரிய சக்கரத்தின் பல் எண்ணிக்கையைச் சிறிய சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். விகிதம் என்ற சொல்லை அடைமொழியாகவாவது அங்கே நுழைத்துவிடுகிறேன், அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

பீடோரிலிருந்து:

பேர் வச்சாச்சு, சந்தோசம். தம்பி, பல்லு வந்ததும் நீயே பூட்டிடாதே, இங்க கொண்டா. உன்னோடது குழாய் மாதிரி இருக்கிற அச்சு. கூண்டை விரிச்சுத்தான் எடுக்கணும், ஷிம் (மெல்லிய தகடு) வச்சு, பல்லு எங்க படுதுன்னு காட்டுற நீலச் சாயம் தடவிப் பார்த்துத்தான் உட்கார வைக்கணும். பல்லோட நடுவுல நீலம் பதியலன்னா ரெண்டே மாசத்துல திரும்ப ஊளை விடும்.

ஓவர்டிரைவ் பெட்டி வந்தா அதுக்கு ஊத்துறது எஞ்சின் எண்ணெய், 20டபிள்யூ50. பின்னச்சுக்கு இபி90. வழுக்கல் மருந்து எதையும் பெட்டிக்குள்ள ஊத்திடாதே, உள்ள இருக்கிற கூம்பு கிளட்ச் பிடிக்காமப் போயிடும். இதையும் கையேட்டுல தனியாக் கட்டம் போட்டு எழுதுங்க.