ராமேசுவரம் தீவுப் பிள்ளைகளும் தொழிற்பயிற்சியும்: உங்க மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்க

புதூர் ஃபிட்டர்
மதுரையில ஐடிஐ சேர்க்கைக் கலந்தாய்வு. தங்கச்சிமடத்துப் பையன், பத்தாவது பாஸ், அப்பாவோட வந்திருந்தான். மஞ்சப்பையில மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்று, கூடவே துணியில சுத்தின ஒரு சாமான். பிரிச்சா அவுட்போர்டு மோட்டாரோட, அதாவது படகுக்கு வெளியே தொங்குற எஞ்சினோட, இம்பெல்லர்: தண்ணியை உறிஞ்சித் தள்ளுற ரப்பர் சக்கரம். ரப்பர் இறக்கையில ரெண்டு பிய்ஞ்சு போச்சு, மிச்சமெல்லாம் ஒரே பக்கமா மடங்கி விறைச்சுக் கிடந்துச்சு. "சார், இதைப் பார்க்கிற வேலைக்கு எந்த டிரேடு எடுக்கணும்?"

மேசையில இருந்தவர் பட்டியலை மேலயும் கீழயும் பார்த்தார். ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன். படகு எஞ்சின்னு ஒரு வரி கிடையாது. "ஃபிட்டர்ல இடம் இருக்கு தம்பி, போடவா?" அப்பா தலையாட்டினார். பையன் இம்பெல்லரைத் திரும்பத் துணியில சுத்திட்டான். ரெண்டு வருச டிரேடு, ஆரம்பத்துல அரம் பிடிச்சு ராவுறதுதான் வேலை. அடிப்படைக்கு நல்லதுதான். ஆனா அவன் கேட்டது அது இல்லையே.

மேலூர் டீசல்
அண்ணே, முதல்ல எந்தப் படகுன்னு கேட்டிருக்கணும். விசைப்படகுன்னா உள்ளே உட்காருற டீசல் எஞ்சின், அதுக்கு ஒரு வருச மெக்கானிக் டீசல் டிரேடே போதும். இன்ஜெக்டர், பம்ப், வால்வு கிளியரன்ஸ் எல்லாம் அதுல வரும். ஃபைபர் வள்ளத்துல தொங்குற டூ ஸ்ட்ரோக் மோட்டார் வேற கதை. ரேடியேட்டர் கிடையாது, கடல் தண்ணியே உள்ளே ஏறி எஞ்சினைக் குளிர வைக்கும். தண்ணி இல்லாம கரையில ஓட்டிப் பார்த்தா, கொஞ்ச நேரத்துலயே இம்பெல்லர் ரப்பர் சூடேறிப் பிய்ஞ்சுடும். நீங்க சொன்ன இறக்கைக்கும் அப்படித்தான் நடந்திருக்கும்.

கேட்கலைன்னாலும் சொல்லிடுறேன், எவனாச்சும் வாசிச்சுப் பயன்படுத்தட்டும். கரைக்கு வந்ததும் 200 லிட்டர் டிரம்ல நல்ல தண்ணி நிரப்பி, தண்ணி உறிஞ்சுற துவாரம் முழுசா முங்குற மாதிரி மோட்டாரை இறக்கணும். நியூட்ரல்ல, வேகம் கொடுக்காம ஐடில்ல 10 நிமிசம் ஓட்டணும். பக்கவாட்டு ஓட்டையில தண்ணி பீச்சணும். பீச்சலைன்னா உடனே நிறுத்திடணும். ஒண்ணு உப்பு அடைச்சிருக்கும், இல்லைன்னா இம்பெல்லர் போயிருக்கும். அதையும் மீறி ஓட்டினா பிஸ்டன் பிடிச்சுக்கும். கடைசியா பெட்ரோல் குழாயைக் கழட்டிட்டு, கார்புரேட்டர்ல உள்ளது தீர்ந்து எஞ்சின் தானா நிற்கிற வரைக்கும் விடணும். மண்ணெண்ணெய்ல ஓடுற மோட்டார்னா நிறுத்துறதுக்கு முன்னாடி பெட்ரோலுக்கு மாத்தணும், இல்லாட்டி மறுநாள் கயிறு இழுத்துக் கை ஓய்ஞ்சுடும். மோட்டாரை உப்பு அரிக்காம இருக்க மாட்டியிருக்கிற துத்தநாகக் கட்டி பாதி கரைஞ்சா மாத்திடணும். கட்டி மேல பெயிண்ட் அடிச்சா அது வேலையே செய்யாது. இதெல்லாம் ஒரு வாரத்துல கத்துக்கொடுக்கலாம். அதுக்கு ஒருத்தன் மதுரைக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கணுமா?

பயிற்றுநர் 72
டிரேடைப் பற்றியே பேசுகிறீர்கள். சேர்ந்த பிள்ளை கடைசி வரை நிற்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். எலக்ட்ரீஷியன் படித்த ராமேசுவரம் பையன் ஒருவன். அவன் அப்பா போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. வீட்டில் வேறு ஆண் துணை இல்லை. கிளம்புவதற்கு முன் டூல் கிட்டை மேசையில் பரப்பி, கட்டிங் பிளையர், டெஸ்டர், கனெக்டர் திருப்புளி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஒப்படைத்தான். டெஸ்டர் எரிகிறதா என்று பிளக்கில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் போனான். திரும்பி வரவில்லை. மாத உதவித்தொகை 750 ரூபாய், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்தவனுக்கு இரண்டும் உண்டு. ஆனால் அப்பா சிறையில் இருக்கும்போது அந்தப் பணத்தில் ஒரு வீடு ஓடுமா? இப்படி நின்றுபோனவர்களுக்கு விட்ட இடத்திலிருந்து தொடர வழி வேண்டும்.

திருமங்கலம் அக்கா
பொம்பளைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கோங்க. கோபான்னு சொல்ற கம்ப்யூட்டர் ஆபரேட்டர் டிரேடுக்கு வந்த பாம்பன் பொண்ணோட அம்மா கேட்டது ஒரே கேள்வி: "ராத்திரி எத்தனை மணிக்கு ஹாஸ்டல் கேட்டைப் பூட்டுவாங்க?" பதில் சொல்ல அங்க யாருமில்லை. ஐடிஐல பெண்களுக்கு உச்ச வயசு வரம்பு இல்லைன்னு போஸ்டர் ஒட்டுறாங்க, அந்த ஒரு கேள்விக்குப் பதிலை ஒட்டுறதில்லை. 2022 டிசம்பர்லருந்து 2025 ஏப்ரல் வரைக்கும் பாம்பன் பாலத்துல ரயிலே இல்லாதப்போ மண்டபம் வரைக்கும் பஸ்ல வந்து ரயில் பிடிச்ச பிள்ளைங்க, திங்கக்கிழமை முதல் பீரியடுக்கு எப்படி வந்து சேரும்?

மேலூர் டீசல்
அதனாலதான் சொல்றேன், வகுப்பு தீவுக்குப் போகணும். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். ஞாயிறு போகக் குறைஞ்சது 52 நாள், தினம் 4 மணி நேரம்னா 208 மணி நேரம். குறுகியகாலப் பயிற்சிக்கு இது போதும்.

பயிற்றுநர் 72
தடைக்காலம் விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு அப்போதும் போகும். அவுட்போர்டு மோட்டார் இருப்பது அவர்களிடம்தான், நீங்கள் சொல்லும் அட்டவணையில் அவர்களே விடுபட்டுப் போகிறார்கள். பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்ற முறை இருக்கிறது. வகுப்பை அதன்படி இரண்டு அணியாகப் பிரித்தால் ஆண்டு முழுக்க நடத்தலாம். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களை முதல் பாடத்திலிருந்து உட்கார வைக்காமல், ஆர்.பி.எல். (முன்பே கற்ற திறனை அங்கீகரித்தல்) முறையில் திறனைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்துவிடலாம்.

மேலூர் டீசல்
நாட்டுப்படகு விசயம் நீங்க சொல்றது சரி. ரெண்டு அணின்னா ஒரு அணிக்கு 20 பேர், 4 மோட்டார் ஸ்டாண்டு, ஸ்டாண்டுக்கு ஒரு டிரம். தண்ணிச் செலவை முதல்லயே எழுதிடுங்க. அங்க நல்ல தண்ணி சும்மா கிடைக்காதுன்னு ஒரே டிரம் தண்ணியில மோட்டாரை மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. புகை தண்ணிக்குள்ளயே வெளியாகுறதால எண்ணெய் மிதக்கும், கழுவின உப்பும் அதுலயேதான் இருக்கும். அந்தத் தண்ணியிலயே அடுத்த மோட்டாரைக் கழுவினா கழுவாததுக்குச் சமம்.