புதுப்பிப்பு: 27 வயதில் பாலிடெக்னிக், முதல் வருடம் முடிந்தது

போன வருடம் எழுதியிருந்தேன்: சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ மதிப்பெண்ணால் 12 வயதில் உயர்நிலைப் பள்ளியின் நார்மல் டெக்னிக்கல் என்ற செய்முறைப் பிரிவு, அப்புறம் ஐடிஇ என்ற தொழிற்கல்விக் கழகம், கட்டாய தேசிய சேவை, வேலை. 27 வயதில் பாலிடெக்னிக் போகலாமா, 17 வயதுப் பிள்ளைகளோடு எப்படி உட்காருவது என்று கேட்டிருந்தேன். நண்பர்கள் என்று சொல்ல யாருமில்லை என்றும் எழுதியிருந்தேன்.

சேர்ந்துவிட்டேன். முதல் வருடம் முடிந்தது.

கணக்குதான் பயமாக இருந்தது. உயர்நிலைப் பள்ளியில் பின்னம் புரியாமல் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது ஒன்று புரியவில்லை என்றால் உடனே கை தூக்குகிறேன். வேலையிடத்தில் பழகியது அது. மோட்டாரைக் கழற்றிப் பார்த்திருந்ததால், சூத்திரத்தில் வரும் ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தொட்டுப் பார்த்த பொருளாகத் தெரிந்தது. இரண்டாம் பருவக் கணக்கில் ‘ஏ’. அம்மா அந்தத் தாளை முருகன் படத்துக்குக் கீழே வைத்து, ஓரம் சுருளாமல் இருக்க விபூதித் தட்டை மேலே வைத்தார். இன்னும் எடுக்கவில்லை.

பழகுவது இதைவிட மெதுவாகத்தான் வந்தது. முதல் இரண்டு மாதம் தனியாகவே சாப்பிட்டேன். ஒருநாள் சர்க்யூட் வேலை செய்யாமல் திணறிய பையனுக்கு, சாலிடர் விட்டுப்போன இடத்தைக் காட்டினேன். மறுநாள் கேன்டீனில், “அண்ணே, இங்க வாங்க” என்று பையை நகர்த்தி இடம் கொடுத்தான். இப்போது நாங்கள் நான்கு பேர். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் தோசை.

2024-இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிலிருந்து நார்மல் டெக்னிக்கல் போன்ற பிரிவுகளே இல்லை. பாடத்துக்குப் பாடம் வேறு நிலையில் படிக்கலாம். அக்கா மகள் அப்படித்தான் படிக்கிறாள், எனக்கு அதில் அவ்வளவு நிம்மதி.

போன வருடப் பதிவுக்கு “போ தம்பி” என்று இங்கே பதில் எழுதிய அக்காவுக்கு நன்றி. ஏப்ரலில் இரண்டாம் வருடம் தொடங்குகிறது.