2147483647: இந்த எண்ணிடம் நீங்கள் எங்கே மாட்டினீர்கள்?

பில்லிங்காரன்:
தீபாவளிக்கு நாலு நாள் முன்பு ஜவுளிக்கடை முதலாளியிடமிருந்து போன். "தம்பி, எல்லாக் கஸ்டமருக்கும் ஒரே நம்பர் காட்டுதுப்பா." போய்ப் பார்த்தால் மொபைல் நம்பர் வரிசையில் மேலிருந்து கீழ்வரை 2147483647. அந்த இடத்தை இன்ட் (32 பிட் முழு எண், 2147483647-க்கு மேல் தாங்காது) என்று போட்டவன் நான்தான். டேட்டாபேஸும் எதிர்ப்பே காட்டாமல் எல்லாவற்றையும் உச்சவரம்பில் வெட்டிவிட்டது. நம் மொபைல் நம்பர் எல்லாம் 6, 7, 8, 9-இல்தானே தொடங்கும்? ஒன்றுகூடத் தப்பவில்லை. சோதித்தபோது நான் அடித்தது 1234567890. அது மட்டும் அழகாக உள்ளே போயிற்று. இன்னும் உறுத்துகிறது.

கணக்குப் பைத்தியம்:
வரம்பு என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டீர்கள். அது பகா எண் ஐயா! 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. கணித மேதை ஆய்லர் 1772-இல் இன்னொரு கணிதர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் சொன்னது. அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரை வகுத்துப் பார்த்தால் போதும். அதிலும் 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். 372 வகுத்தலுக்கு மேல் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பேப்பரோடு உட்கார்ந்தேன். 311-க்கு மீதி 35. 1303-க்கு 226. 1489-க்கு மீதி சைபர்! ஆய்லரையே கவிழ்த்துவிட்டேன் என்று காபி ஆறும்வரை அப்படியே இருந்தேன். அப்புறம் பார்த்தால் கடன் வாங்கிக் கழித்ததில் பிசகு. சரியான மீதி 199. அதோடு எழுந்துவிட்டேன்.

பழையபோன்:
பகா எண் என்பதற்கும் அவர் கடைக்கும் என்ன சம்பந்தம்? பிட் என்றால் 0 அல்லது 1 நிற்கும் ஓர் இடம். 32 பிட்டில் ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும், மீதி 31 பிட்டிலும் 1 நிற்கும், அவ்வளவுதான். 16 பிட் காலத்து வரம்பு 32767. அது 7 × 31 × 151, பகு எண். அதுவும் வரம்பாகத்தானே இருந்தது? என் கதை சின்னது: பழைய போன் நேரத்தை 1970 தொடக்கத்திலிருந்து நொடி நொடியாக இதே 32 பிட்டில்தான் எண்ணும். அதில் தேதியை 2038 ஜனவரி 19-க்குத் தள்ளி வைத்து, காலை 8:44:07 தாண்டும்வரை பார்த்திருந்தேன். அடுத்த நொடி 1901.

பில்லிங்காரருக்கு ஒன்று. போன் நம்பர் எண்ணே இல்லை. இரண்டு பேர் நம்பரை யாராவது கூட்டுவார்களா? எழுத்தாக வையுங்கள். முன்னால் +91 வரும், லேண்ட்லைன் என்றால் சைபர் வரும், எண்ணாக வைத்தால் அந்தச் சைபர் போய்விடும். ஆதாரும் அப்படியே, 12 இலக்கம், இன்ட்டில் அடங்காது. டேட்டாபேஸில் ஸ்ட்ரிக்ட் மோடைப் போட்டு வையுங்கள், வரம்பை மீறினால் பிழை என்று கத்தட்டும். தினமும் பேக்கப் எடுங்கள், எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். சோதனைக்கு உங்கள் சொந்த நம்பரையே அடியுங்கள்.

பில்லிங்காரன்:
மாற்றி ஆறு வருஷம் ஆகிறது அண்ணே. போன நம்பர்கள் போனதுதான். பில் புத்தகத்துக் கார்பன் காப்பியைப் பார்த்து, படிக்க முடிந்ததை மட்டும் திரும்ப அடித்தோம். முதலாளி எனக்குக் கூப்பிடுவதற்கு முன் அந்த நம்பருக்கே போட்டுப் பார்த்திருக்கிறார். "ஒருத்தனே இத்தனை சேலை வாங்கியிருக்கானேன்னு நினைச்சேன்" என்றார்.