முட்டை உறையா, முட்டைக்கூடா, முட்டைச்சிமிழா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

சில உயிரினங்கள் தம் முட்டைகளை மூடிவைக்கும் சிறு பெட்டி போன்ற அமைப்புக்கு ஆங்கிலத்தில் எக் கேப்சூல், ஊதீக்கா, கொக்கூன் என்று பல பெயர்கள். நம் அகராதியில் இந்த மூன்றுக்கும் ‘முட்டை உறை’ என்ற ஒரே சொல் போதும் என்று மன்னார் அண்ணன் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்து டீச்சர் ‘முட்டைக்கூடு’ என்றார். மலையகத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில் இரண்டிலும் எனக்குத் தடை இருக்கிறது.

உறை ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. வித்துறை இருக்கிறது, சிறுநீரகப் பாடத்தில் போமனின் உறை இருக்கிறது. உறை என்றால் ஒன்றை ஒட்டிப் போர்த்தியிருப்பது. தனி முட்டையைச் சுற்றிய சவ்வை அப்படிச் சொல்லலாம். பல முட்டைகளை உள்ளே அடுக்கி வைத்திருக்கும் பெட்டிக்கும் அதே பெயர் என்றால், பரீட்சைத் தாளில் பிள்ளை எதை எழுதுவது?

கூடு என்றதும் பறவைக்கூடு நினைவுக்கு வரும், அடுத்தது கூட்டுப்புழு. பட்டுப்புழு தன்னைச் சுற்றித் தானே கட்டுவது கூடு. அட்டையும் மண்புழுவும் செய்வது வேறு வேலை, அது தாய் முட்டைகளுக்காகச் செய்வது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கொக்கூன் என்றே பெயர். அந்தக் குழப்பத்தை நாமும் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

மழை தொடங்கினால் தேயிலை மலையில் கொழுந்து எடுப்பவர்களின் காலில் அட்டை ஏறுவதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த அட்டை எப்படி முட்டையிடுகிறது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. உடலின் முன்பகுதியில் ஒரு வளையப் பகுதி பசை போன்ற பொருளைச் சுரக்கும். அது உடலைச் சுற்றிக் குழாய்போல் நிற்கும்போதே முட்டைகளும் ஊட்டப் பொருளும் அதற்குள் போய்விடும். பிறகு அட்டை பின்னோக்கி நகர்ந்து தலையை உருவிக்கொள்ள, இரண்டு முனைகளும் மூடிக்கொள்ளும். ஈரமண்ணில் கிடக்கும் அதிலிருந்து குட்டி அட்டைகள் முனை வழியாகவே வெளியேறும்.

இதற்கு நான் முன்வைப்பது ‘முட்டைச்சிமிழ்’. குங்குமச்சிமிழைப் போலச் சிறியது, கெட்டியானது, மூடியது, திறக்க வழியுள்ளது. கடைசிச் சொல்தான் எனக்கு முக்கியம். உடைத்துக்கொண்டு வெளியேறுவது ஓடு, திறந்துகொண்டு வெளியேறுவது சிமிழ்.

கரப்பானைப் பாருங்கள். அமெரிக்கக் கரப்பானின் சிமிழில் சுமார் 16 முட்டைகள் இரண்டு வரிசையாக நிற்கும். தாயின் வயிற்றில் இடப்பக்கச் சுரப்பி புரதத்தைத் தருகிறது, வலப்பக்கச் சுரப்பி நொதியத்தைத் தருகிறது. இரண்டும் கலந்த பிறகுதான் வெள்ளையாக வந்த சிமிழ் கெட்டியாகிப் பழுப்பாகிறது. பொரிக்கும் நேரத்தில் குஞ்சுகள் எல்லாம் சேர்ந்து உப்ப, மேல் விளிம்புத் தையல் பிளந்துவிடும். கும்பிடுபூச்சி செய்வது நுரை, அது காய்ந்து இறுகும். கவ்வாத்து வெட்டும்போது தேயிலை வாதுகளில் ஒட்டியிருப்பதைத் தேடிப் பாருங்கள். கடலைப் பார்க்காத பிள்ளைக்கும் இந்தப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

கடலுக்கும் சொல் பொருந்துகிறது. முட்டையிடும் சுறாக்கள் பலவற்றின் சிமிழில் சுருள் கொடிகள் இருக்கும், பாசியிலோ பவளத்திலோ சுற்றிக்கொள்ளும். திருக்கையைப் போலத் தட்டையான ஸ்கேட் என்ற மீனினத்தின் சிமிழுக்கு நான்கு மூலையிலும் கொம்புகள். கரு வளர வளர அந்தக் கொம்புகளில் கீறல் திறந்து கடல்நீர் உள்ளே வந்துபோகும். இதை ஆங்கில வழக்கைப் பார்த்துக் ‘கடற்கன்னிப் பை’ என்று பாடநூலில் எழுத வேண்டாம். ‘திருக்கை முட்டை’யும் வேண்டாம். நம் மீனவர்கள் திருக்கை என்று பிடிப்பவற்றில் பெரும்பாலானவை குட்டி போடுபவை. ஒரு சிமிழுக்கு ஒரு முட்டை என்றும் வரையறுக்க முடியாது. பெரிய ஸ்கேட் ஒன்றின் சிமிழில் 7 கருக்கள் வரை இருக்கும்.

சங்கு பற்றி மன்னார் அண்ணன் நினைவூட்டியதற்கு நன்றி. சங்கின் முட்டைத் தொகுதி ஆட்டுக்கடாக் கொம்புபோல் முறுகி, அறை அறையாக மணலில் நிற்கும். குளியாட்கள் அதைச் சங்குப்பூ என்கிறார்கள். கடலில் இறங்கியவர்கள் வைத்த பெயரை நாம் கைவிடவே கூடாது. செடிக்கும் அதே பெயர் உண்டே என்றால், செடிக்குக் காக்கணம் என்று இன்னொரு பெயர் இருக்கிறது. பொதுச்சொல் முட்டைச்சிமிழ், சங்குக்கு மட்டும் சங்குப்பூ என்று இரண்டையும் அகராதியில் சேர்ப்போம்.

ஒரு சொல் நின்றால் அதன் குடும்பமும் நிற்க வேண்டும். சிமிழ்ச்சுரப்பி, சிமிழ்வாய், சிமிழ்க்கொத்து எல்லாம் தடையில்லாமல் வருகின்றன. வெல்க் என்ற நத்தையின் சிமிழ்களில் பெரும்பாலான முட்டைகள் பொரிக்காமல் முந்திக்கொண்ட சில குஞ்சுகளுக்கு உணவாகிவிடும். அவற்றுக்கு ‘ஊட்டமுட்டை’ சரியாக இருக்கும்.

சிலந்தியைச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அது நூலால் நெய்தது, மெத்தென்றது, அதற்கு முட்டைப்பையே போதும். ஆர்கனோட் என்ற பேய்க்கணவாயின் (ஒக்டோபஸ்) மெல்லிய ஓட்டினையும் தள்ளியே வைப்போம். முட்டைகள் அதற்குள் இருந்தாலும் தாயும் அதற்குள்ளேயே வாழ்கிறாள். புத்தளம், மட்டக்களப்புப் பக்கத்தில் சுறாச் சிமிழுக்கு மீனவர்களிடம் ஒரு பெயர் இருந்தால், அதைக் கேட்டு எழுதுங்கள். அந்தப் பெயர் வந்த பிறகு பட்டியலை முடிக்கலாம்.